பொன்னாடை ஒப்பந்தமும் ஒரு பை கண்ணாடி இழையும்

எங்கள் கல்லூரி முதல்வர் அறைக்கு வெளியே ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தங்களைச் சட்டம் போட்டு அதில் வரிசையாக வைத்திருப்பார்கள், பக்கத்திலேயே பொன்னாடை போர்த்திய வெள்ளைக்காரர்களோடு எடுத்த படங்கள். நான் படித்த நான்கு வருடத்தில் அந்த அலமாரி வழியாக ஒருவர்கூட எங்கேயும் போனதாக எனக்குத் தெரியாது. போனவர்கள் வேறு வழியில் போனோம். வாரத்துக்கு இரண்டு ஜூனியர்களாவது "அண்ணா, ஜெர்மனி ப்ராஜெக்ட் எப்படிண்ணா கிடைச்சுது?" என்று கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பித் தொண்டை கட்டிவிட்டது, அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

நான் படித்தது டெக்ஸ்டைல் டெக்னாலஜி. ஊர் குமாரபாளையம், வீட்டில் எட்டு விசைத்தறி, லுங்கி ஓடும். 2023 மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஆஹன் நகரத்தில், ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழகத்தில், துணியை வைத்து கான்கிரீட்டைப் பலப்படுத்தும் ஒரு ஆய்வில் 12 வாரம் வேலை பார்த்தேன். டாட் என்று சுருக்கமாகச் சொல்லும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் வைஸ் உதவித்தொகையில் போனேன். நான் வகுப்பில் முதல் மாணவன் இல்லை. பத்துப் பேருக்குள் வருவேன், சில செமஸ்டரில் அதுவும் வராது.

முதலில் மின்னஞ்சல் கதை. 2022 ஆகஸ்டில் சீனியர் ஒருவர் கொடுத்த மாதிரியை எடுத்து, பேரை மட்டும் மாற்றி, நாற்பது பேராசிரியர்களுக்கு அனுப்பினேன். "ரெஸ்பெக்டட் சார், தங்கள் மதிப்புமிக்க ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு" என்று ஆரம்பிக்கும், கீழே சி.ஜி.பி.ஏ., கீழே வாங்கிய சான்றிதழ்கள். ஒரு பதிலும் வரவில்லை. இல்லை, ஒன்று வந்தது, அந்தப் பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார் என்ற தானியங்கிப் பதில். இதில் ஒரு பெண் பேராசிரியருக்கும் ரெஸ்பெக்டட் சார் என்றே போயிருக்கிறது என்பதை மிகத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

நாற்பத்தொன்றாவது மின்னஞ்சலுக்குப் பின்னால் ஒரு தோல்வி இருக்கிறது. அந்த வருடக் கோடை விடுமுறையில் ஒரு பாலத்தைப் பற்றிப் படித்தேன். ஆல்ப்ஸ்டாட் என்ற ஜெர்மன் ஊரில் 2010-இல் கட்டிய நடைபாலம், கிட்டத்தட்ட நூறு மீட்டர் நீளம், கான்கிரீட்டுக்குள் கண்ணாடி இழைத் துணியை வைத்துக் கட்டியது, ஆஹன் ஆட்களுக்கு அதில் பங்கு உண்டு. அந்த ஊரில்தான் குரோஸ்-பெக்கர்ட் ஊசிக் கம்பெனியும் இருக்கிறது, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் அந்த ஊசியைத் தெரியாதவர் கிடையாது. கம்பி போட்ட கான்கிரீட்டில் துரு பிடிக்காமல் இருக்கக் கம்பிக்கு மேல் சில சென்டிமீட்டர் கனத்துக்கு மூடவேண்டும். துணி துருப்பிடிக்காது, அதனால் பலகையை விரல் கனத்துக்குக்கூட வார்க்கலாம். விஷயம் இவ்வளவுதான். இதை ஏன் நம் தறியில் நெய்யக்கூடாது என்று தோன்றியது.

கோயம்புத்தூரில் ஃபைபர் தொட்டி செய்கிறவர்களுக்குச் சரக்கு விற்கும் கடையில் கண்ணாடி இழை வாங்கி வந்தேன். கட்டம் கட்டமாக இடைவெளி விட்டு நெய்தால்தான் கான்கிரீட் உள்ளே இறங்கும், ஆனால் அப்படி நெய்தால் குறுக்கே ஓடும் ஊடை வழுக்கிக்கொண்டு ஓடியது, இழை நார்நாராக உடைந்தது, கையெல்லாம் அரிப்பு. அப்பா இரண்டு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு, "பாவு நூலை ரெண்டு ரெண்டா முறுக்கிப் பிடிக்காம இந்த வலை நிக்காது" என்றார். பாவு என்றால் நெடுக்கே ஓடும் நூல். பாடத்தில் லீனோ நெசவு என்று படித்து மதிப்பெண் வாங்கிய விஷயம்தான், அதை நினைவுபடுத்த லுங்கி நெய்கிறவர் வேண்டியிருந்தது. எங்கள் விசைத்தறியில் அது ஆகாது என்று மரச்சட்டத்தில் ஆணி அடித்து, கையாலேயே ஒரு சாண் அகலத்துக்கு ஆறு துண்டு செய்தேன். சிமெண்டில் வைத்து வார்த்தேன், ஒரு மாதம் கழித்து உடைத்துப் பார்த்தால் இழை சுள்ளி மாதிரி ஒடிந்தது.

நாற்பத்தொன்றாவது மின்னஞ்சலில் அந்த ஒடிந்த துண்டின் படத்தை வைத்து, ஐந்தே வரி எழுதினேன். என்ன செய்தேன், எங்கே ஒடிந்தது, ஏன் என்று தெரியவில்லை, உங்கள் குழுவில் இதைத் தொட்டு ஏதாவது வேலை நடக்கிறதா, கோடையில் 12 வாரம் வர முடியும். ஆஹன் பேராசிரியருக்கு அல்ல, அவர் குழுவில் அதே விஷயத்தில் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்துகொண்டிருந்த ஒரு ஆய்வாளருக்கு. நான்காம் நாள் பதில், ஒரே கேள்வி: இது சாதாரண ஈ-கிளாஸா, காரம் தாங்கும் ஏ.ஆர். கிளாஸா? எனக்கு இரண்டு வகை இருப்பதே அப்போதுதான் தெரியும். சிமெண்டின் காரம் சாதாரணக் கண்ணாடி இழையை அரிக்கும், அதற்காகவே சிர்கோனியா கலந்த இழை தனியாக இருக்கிறது. தெரியாது என்று எழுதினேன், கூடவே மிச்சம் இருந்த இழையைச் சூடான சிமெண்டுத் தண்ணீரில் ஊறப்போட்டு, இரண்டு வாரம் கழித்து எப்படிப் பொடிந்தது என்று படம் அனுப்பினேன். அக்டோபர் கடைசிக்குள் அழைப்புக் கடிதம் வந்துவிட்டது.

ஜூனியர்கள் இந்த இடத்தில்தான் என்னை நம்புவதில்லை. ஏதோ சிபாரிசு இருந்திருக்கும் என்கிறார்கள். ஆய்வகத்தில் இருக்கிறவருக்கு உங்கள் ஆர்வம் எதற்கு? ஒரு வேலையைத் தொட்டுப் பார்த்து, அது கெட்டுப்போய், கெட்டதை ஒளிக்காமல் சொல்கிறவன் வேண்டும், அப்படிப்பட்டவனுக்கு மூன்று மாதத்தில் ஏதாவது சொல்லிக்கொடுக்கலாம். காந்திபுரம் பக்கம் பத்தாயிரம் கொடுத்தால் ரிப்போர்ட், பிபிடி, வைவாவில் கேட்கும் கேள்வி எல்லாம் சேர்த்துத் தரும் ப்ராஜெக்ட் சென்டர் இருக்கிறது, எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அங்கே வாங்கினார்கள், அந்த ரிப்போர்ட்டுகள் என்னுடையதைவிட அழகாக இருந்தன. அதில் ஒரு தோல்வி கிடையாது. தோல்வி இல்லாததால் அதைப் பற்றி யாரிடமும் கேட்க ஒரு கேள்வியும் கிடையாது.

எல்லாத் திட்டமும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வைஸ் மாதிரியானவற்றில் அழைக்கிறவரை நீங்களே தேடிப் பிடித்துக் கடிதம் வாங்கிய பிறகுதான் விண்ணப்பம். கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க்கில் தலைகீழ், அவர்கள் வைத்திருக்கும் ப்ராஜெக்ட் பட்டியலிலிருந்து சிலவற்றை நீங்கள் தேர்ந்தெடுத்துச் சொல்ல, பொருத்தம் பார்த்து அவர்கள் சேர்த்துவைப்பார்கள், அதுவும் 12 வாரம். முன்னதற்கு மின்னஞ்சல் எழுதத் தெரியவேண்டும், பின்னதற்குப் பட்டியலைப் பொறுமையாகப் படிக்கத் தெரியவேண்டும். இரண்டுமே அடுத்த வருடக் கோடைக்கு முந்தின வருடத்திலேயே மூடிவிடும். ஜனவரியில் வந்து கேட்கிறவர்களுக்கு நான் செய்ய ஒன்றுமில்லை. உங்கள் கல்லூரிக்கும் துறைக்கும் தகுதி உண்டா என்று அந்தந்த வருட அறிவிப்பை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

காகித வேலை. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம், இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேர்த்தி. நான் மே 2 இறங்கி ஜூலை 29 கிளம்பினேன், 89 நாள், எண்ணி எண்ணிப் போட்ட கணக்கு. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கவேண்டும். பயணப்படி உதவித்தொகையில் உண்டு, ஆனால் விமான டிக்கெட்டை நீங்கள் வாங்கும் நாளில் அந்தப் பணம் உங்கள் கையில் இருக்காது. அப்போது யூரோ 90 ரூபாய்க்குப் பக்கம். அம்மாவின் வளையல் இரண்டை வங்கியில் வைத்துத்தான் டிக்கெட், காப்பீடு, அறை முன்பணம் எல்லாம். இதை யாரும் பெருமையாக எழுதுவதில்லை, ஆனால் உதவித்தொகை கிடைத்தும் இந்த முதல் தொகை இல்லாமல் போகாமல் விட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

அறை விஷயத்தில் ஏமாறப் பார்த்தேன். அங்கே கோடை செமஸ்டர் வகுப்புகள் ஜூலை நடுப்பகுதி வரை ஓடும், அதனால் மே மாதம் மாணவர் அறைகள் காலியாக இருக்காது. இணையத்தில் ஒருவர் அழகான அறையைக் காட்டி, தான் வெளிநாட்டில் இருப்பதாகவும் முன்பணம் போட்டால் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும் சொன்னார். போடவிருந்தேன். எதற்கும் கேட்போம் என்று என் வழிகாட்டிக்கு, அந்த ஆய்வாளருக்குத்தான், அனுப்பினேன். "பணம் அனுப்பாதே" என்று இரண்டு சொல்லில் பதில் வந்தது, அப்புறம் அவர் தோழியின் தம்பி வீட்டில் ஓர் அறை ஏற்பாடானது.

அப்புறம் ஓ.டி., அதாவது ஆன் டியூட்டி, வெளியே போன நாட்களையும் வருகையாக எண்ணிக்கொள்ளும் அனுமதி. எங்கள் ஏழாம் செமஸ்டர் ஜூலை ஆரம்பத்தில் தொடங்கிவிடும், நான் வந்து சேர மாதக் கடைசி. போவதற்கு முன் கேட்டதற்கு "போயிட்டு வாப்பா, பாத்துக்கலாம்" என்றார்கள். வந்து பார்த்தால் வருகை 75 சதவீதத்துக்குக் கீழே என்று கண்டொனேஷன், அதாவது அந்தக் குறைவை மன்னிப்பதற்கான கட்டணம், கட்டச் சொன்னார்கள். வாயால் சொன்னதை நம்பாதீர்கள். ஓ.டி. எத்தனை நாள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுத்தில், கையெழுத்தோடு, கிளம்புவதற்கு முன்னால்.

சரி, அந்த ஊர். எனக்குக் கல்லூரி என்றால் கேட், வாட்ச்மேன், கழுத்தில் அடையாள அட்டை, ஹாஸ்டலுக்கு இத்தனை மணிக்குள் வரவேண்டும் என்ற நோட்டீஸ். ஆஹனில் முதல் நாள் பல்கலைக்கழகத்தின் கேட்டைத் தேடிக்கொண்டு மழையில் முக்கால் மணி நேரம் நடந்தேன். கேட்டே கிடையாது. 1870-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், கட்டடங்கள் ஊர் முழுக்க இறைந்து கிடக்கின்றன, ரொட்டிக் கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவில் ஒரு ஆய்வுக்கூடம். மதியம் மென்சா என்ற பொது உணவுக்கூடத்தில் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள், பேராசிரியரும் தட்டோடுதான். பதினொன்றரைக்கே சாப்பிடப் போய்விடுவார்கள், எனக்கு அது காலை டிபன் நேரம். வகுப்பு முடிந்ததும் கைதட்டமாட்டார்கள், மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள். முதல் தடவை ஏதோ சண்டை என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். ஆனால் ஆஹன் எல்லை ஊர், பக்கத்திலேயே வால்ஸ், அது நெதர்லாந்து, அங்கே ஞாயிறும் கடை திறந்திருக்கும். தயிர் தீர்ந்தால் நாடு விட்டு நாடு நடந்து போய் வாங்கிவருவேன். அப்பாவிடம் போனில் சொன்னபோது, ஈரோட்டுக்குப் பள்ளிபாளையம் ஆத்துப்பாலம் மாதிரியா என்று கேட்டார். அப்படித்தான், பாஸ்போர்ட்டை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளவேண்டும். அந்த வருடம் மே மாதம்தான் 49 யூரோவுக்கு நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ் எல்லாம் போகும் மாதச்சீட்டை அறிமுகப்படுத்தியிருந்தார்கள். அதைச் சந்தாவாகத்தான் வாங்கமுடியும், பத்தாம் தேதிக்குள் நிறுத்தச் சொல்லாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் பிடித்துவிடுவார்கள். நான் மறந்தேன். அறைத்தோழன் கணக்கிலிருந்து ஆகஸ்டுக்கான 49 யூரோ போனது, ஊர் வந்து திருப்பி அனுப்பினேன், அனுப்பும் கட்டணம் வேறு.

ஆய்வகத்தில் நான் செய்த பெரிய தப்பு ஒரு தேதி. வழிகாட்டி முதல் வாரமே, உன் சோதனை அட்டவணையை நீயே போடு என்று சொல்லிவிட்டார். ஊரில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. உற்சாகத்தில் மே 11 வியாழக்கிழமையே முதல் பலகைகளை வார்த்துவிட்டேன். கான்கிரீட்டின் வலுவை 28-ஆம் நாளில் சோதிப்பது வழக்கம். 28-ஆம் நாள் ஜூன் 8. அது அந்த மாநிலத்தில் கிறித்தவப் பண்டிகை விடுமுறை, வியாழன். மறுநாள் வெள்ளி, வேலைநாள்தான், ஆனால் நடுவில் சிக்கிய அந்த ஒரு நாளையும் விடுப்பு எடுத்து நான்கு நாளாக்கிக்கொள்வார்கள், பாலம் மாதிரி நடுவில் இருப்பதால் அதற்குப் பாலநாள் என்றே அவர்களிடம் பேர் இருக்கிறது. இயந்திரத்தை இயக்க ஆளில்லை. திங்கள் கிழமை, 32-ஆம் நாள்தான் உடைக்கமுடிந்தது. அப்படியானால் அடுத்த வார்ப்பையும் 32-ஆம் நாளிலேயே உடைக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒப்பிடமுடியாது. நான் போய் இறங்கிய பிறகு மே, ஜூனில் மட்டும் இப்படி மூன்று விடுமுறைகள், மே 18, மே 29, ஜூன் 8. என் வழிகாட்டிக்கு இது முதலிலேயே தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கேலண்டரைப் பார்ப்பாய் என்று நினைத்தேன் என்றார், கிண்டலில்லாமல்.

12 வாரம் என்பது கேட்கும்போது நிறைய. 28 நாள் காத்திருக்கவேண்டிய பொருளில் அது இரண்டு சுற்று, மிஞ்சினால் இரண்டரை. உங்கள் துறையில் எது காத்திருக்க வைக்கும் என்று கண்டுபிடித்து, அதை வைத்துத்தான் அட்டவணை போடவேண்டும்.

இன்னொன்று, ராத்திரி வேலை. நம் பக்கம் லேபில் ராத்திரி பத்து மணிவரை இருந்தால் நல்ல பையன். நான் அங்கே ஏழு மணிக்கு ஒரு நாள் தனியாகச் சோதனை ஓட்டப்போய் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். இயந்திரம் ஓடும்போது தனியாள் இருக்கக்கூடாது, பாதுகாப்பு விதி. நாலரைக்குக் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், ஆனால் எட்டிலிருந்து நாலரை வரை போனைத் தொடமாட்டார்கள். முதல் இரண்டு வாரம் எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது, மொழிகூட இல்லை.

அந்த ஊர் மாணவர்களின் ப்ராஜெக்ட் எப்படி நடக்கிறது என்று பார்த்ததுதான் நான் கொண்டுவந்ததில் உருப்படியானது. இளங்கலை மாணவன் தனக்கென்று ஒரு தலைப்பைக் கற்பனை செய்வதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஆய்விலிருந்து ஒரு துண்டை வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருப்பார்கள், அதை எடுத்துக்கொள்வான், அவனுக்கு முந்தினவன் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்து, பிந்தினவனுக்குக் குறிப்பு எழுதிவைத்துவிட்டுப் போவான். ஹிவி என்று சொல்லும் மாணவ உதவியாளர்கள் மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்கிக்கொண்டு இதே வேலையைச் செய்கிறார்கள். நம் கல்லூரியில் ஒவ்வொரு வருடமும் எல்லா ப்ராஜெக்டும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, வைவா முடிந்து, பீரோவுக்குள் போய் முடிகிறது.

கடைசி வாரம் வழிகாட்டி என்னிடம் ஆறு பக்கம் எழுதித் தரச் சொன்னார். என்ன செய்தாய், எது கெட்டது, அடுத்தவன் எதைத் திரும்பச் செய்யவேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போதே கேட்டார், உன் கல்லூரியில் இதைத் தொடர யாராவது இருக்கிறார்களா என்று. வாசல் திறந்தது அந்தக் கேள்வியில்தான். ஒப்பந்தமும் இல்லை, பொன்னாடையும் இல்லை.

ஊருக்கு வந்ததும் ஜூனியர் பெண் ஒருத்தியைப் பிடித்தேன். சோம்பேறி இல்லை, கணக்கு நன்றாக வரும், மின்னஞ்சல் எழுதப் பயப்படுவாள். அந்த ஆறு பக்கத்தையும் மிச்சமிருந்த ஏ.ஆர். கிளாஸ் இழையை ஒரு பையிலும் கொடுத்தேன். நான் சிபாரிசுக் கடிதம் எழுதவில்லை, ஒரு மாணவன் எழுதும் சிபாரிசுக்கு என்ன மதிப்பு. பதிலாக அவள் எங்கள் வீட்டு மரச்சட்டத்தில், எரிமலைப் பாறையை உருக்கி எடுக்கும் பசால்ட் இழையில் லீனோ துண்டுகள் செய்து, அளந்து, எண்களோடு அனுப்பினாள். 2024 கோடையில் போனாள், வேறு உதவித்தொகையில். இங்கே நெய்த துண்டுகளை முன்கூட்டியே கூரியரில் அனுப்பிவிட்டுப் போனதால், போனதும் முதல் வாரமே அவளால் வார்க்க முடிந்தது. கூரியரில் ஒரு சின்ன சிக்கல்: இலவச மாதிரியானாலும் சுங்கத்துக்கு ஒரு மதிப்பு எழுதவேண்டும், சும்மா விட்டால் பெட்டி நின்றுவிடும். எங்கள் முதல் பெட்டி மூன்று வாரம் நின்றது. என்ன பொருள், எத்தனை கிராம், சோதனைக்கான மாதிரி, விற்பனைக்கல்ல, மதிப்பு இவ்வளவு என்று தெளிவாக எழுதிய தாள் வெளியே ஒட்டியிருக்கவேண்டும்.

போகமுடியாதவர்களுக்கும் இதில் இடம் வந்தது எனக்கே எதிர்பாராத விஷயம். வீட்டுச் சூழ்நிலையால் விமானம் ஏறமுடியாத இரண்டு பையன்கள் இங்கிருந்தே நெய்து, இழுவலு சோதித்து, எண்களை அனுப்புகிறார்கள், வாரம் ஒரு முறை அங்கே இருக்கிறவர்களோடு வீடியோவில் பேசுகிறார்கள். அவர்கள் ரெஸ்யூமேயில் வெளிநாட்டு முத்திரை இல்லை, ஆனால் அவர்கள் செய்த துண்டு அங்கே ஒரு பலகைக்குள் இருக்கிறது. எங்கள் துறைத் தலைவர் இதைக் கேள்விப்பட்டு உடனே ஒப்பந்தம் போடலாம் என்றார். போடுங்கள் சார், அதற்கு முன்னால் லேபில் ஏ.ஆர். கிளாஸ் வாங்க ஐயாயிரம் ரூபாய் வேண்டும் என்றேன். ஐயாயிரம் வந்தது. ஒப்பந்தமும் வந்தது, படமும் எடுத்தார்கள்.

இப்போது பை லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் இருக்கிறது, சாவியும் அவரிடம்தான். ஆறு பக்கக் குறிப்பு பதினேழு பக்கமாகிவிட்டது. கேட்டு வருகிறவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு, மரச்சட்டத்தில் ஒரு துண்டாவது செய்து, அதை உடைத்துவிட்டு வாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அரிப்பு மூன்று நாள் போகாது.